ஒரு தவளையும் இரண்டு தெரான்களும்

நார்சிசாவுக்கு ரத்தம் கொதித்தது. இன்டாக் மலையின் மேகக்காட்டில் மழையில் ஊறி, சேற்றில் விழுந்து எழுந்து அவள் கண்டுபிடித்த மரத்தவளை அது. தொடையின் உட்புறம் செக்கச்செவேல், குரலும் தனி. எந்த இனத்தோடும் சேராத புதிய இனம் என்று எலும்பு வரை பார்த்து நிரூபித்தவளும் அவள்தான். பெயர் வைக்க மட்டும் அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் தலைவர் டாக்டர் இபார்ரா வந்து நின்றார்.

"'தெரானி'ன்னு வச்சிடு கண்ணு. ரோட்ரிகோ தெரான் நமக்குப் புதுக் கூடமே கட்டித் தர்றார்."

"அந்தத் தவளை இருக்கிற ஓடையைத் தோண்டிச் செம்பு எடுக்கப் போறதே அவர்தான் டாக்டர். கொல்லப் போற ஆள் பேரையா அதுக்கு வைக்கிறது?"

"விஞ்ஞானத்துக்குக் கோபம் ஆகாது," என்று சிரித்தார். "எழுதி அனுப்பு, போ."

லத்தீனில் 'தெரானி' என்றால் தெரானுடையது. ஒருமுறை அச்சேறிவிட்டால் அப்புறம் யாராலும் அசைக்க முடியாது. உலகம் உள்ளவரை அந்தத் தவளை அந்த ஆளுடையதாகவே இருக்கும்.

அந்த மலையில் இன்னொரு தெரானும் உண்டு. லுஸ்மிலா தெரான். சுரங்க லாரிகள் வந்தபோது அவித்த சோளப் பானையோடு பாதையின் குறுக்கே உட்கார்ந்தவள். போலீஸ் இழுத்துப் போட்டதில் கை முறிந்தும் மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

லத்தீனில் ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ'. நார்சிசா தன் ஆய்வுக் கட்டுரையில் கடைசி எழுத்தை மாற்றி 'தெரானே' என்று எழுதினாள். யாருக்காக வைத்த பெயர் என்பதையும் கீழே ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். அச்சுக்கு முந்தைய பிரதி இபார்ராவின் மேசைக்குப் போனது. கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் தன் பெயர் முதலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, 'பிரமாதம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார் அந்த மகானுபாவர்.

இதழ் வெளிவந்த அன்று கத்திக்கொண்டே வந்தார். "முதுகுல குத்திட்டியே. திருத்தம் போடு."

"எதைத் திருத்தறது? பொம்பளை பேருக்கு 'ஏ'தான், நீங்க நடத்தின பாடம். மொத அச்சுல வந்ததுதான் பேருன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"அந்தாளு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"முழிக்காதீங்க. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருந்தீங்க."

அதே சூட்டோடு லுஸ்மிலாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தாள்.

"என் பேரை வச்சா லாரி நிக்குமா?"

"நிக்காதுக்கா."

"திங்கக்கிழமை மிஷின் வருதாம். காகிதத்துல எழுத்தை மாத்திட்டுக் கீட்டோ பட்டணத்துலயே கெடக்கப் போறியா, இல்ல வந்து என் பக்கத்துல உக்காரப் போறியா?"

நார்சிசாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் இபார்ராவின் மேல் இருந்த கோபம் இப்போது தன் மேலேயே திரும்பியது. மேசைக்கடியில் கிடந்த ரப்பர் பூட்ஸைக் காலால் இழுத்தாள். போன மழைக்காலத்துச் சேறு அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பானையில எனக்கும் சேர்த்துச் சோளம் போடுக்கா," என்றாள்.