கோல் போஸ்ட்டில் அம்மா

கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘வரும் பருவத்தில் நம் பெண்கள் கால்பந்து அணி எட்டாவது இடத்தைப் பிடிக்கும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘லீகில் இருப்பது மொத்தம் எட்டு அணிகள்’ என்று விளக்கமும் கொடுத்திருந்தான் அவன். மூன்று வருடம் கோலைக் காத்தவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளோடு தடுப்பு ஆட்டக்காரிகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது வேகமாக ஓடத் தெரிந்த, ஆனால் எங்கே ஓடுவதென்று தெரியாத ஒரு கூட்டம் என்று முடித்திருந்தான்.

கேப்டன் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வேதியியல் ஆய்வகத்துக்குப் போனாள். அணிக்குப் பயிற்சியாளர் அங்கே பாடம் நடத்தும் மிஸ்தான். படிக்கிற காலத்தில் நாலு பந்து உதைத்த பாவத்துக்கு இந்தப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

“பாருங்க மிஸ், என்ன திமிரு இவனுக்கு!”

மிஸ் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே படித்தார். “எழுத்துப்பிழைகூட இல்லையே. கோபமெல்லாம் அப்புறம் படலாம். முதல்ல ஒரு கோல்கீப்பரைத் தேடு.”

தேடினாள். அறிவிப்பைப் பார்த்து நான்கு பேர் மைதானத்துக்கு வந்தார்கள். ஒருத்தி பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒருத்தி குனிந்துகொண்டாள். மூன்றாமவள் கையுறை மாட்டிக்கொண்டு படம் எடுத்ததோடு கிளம்பிவிட்டாள். நான்காமவளுக்கு டென்னிஸ் என்று நினைப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் கேப்டனின் அம்மா வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். ஒரு தோளில் புத்தகப் பை, ஒரு கையில் சாவி. “காலைல மறந்துட்டுப் போயிட்டியே, வாசல்ல நிக்கப் போறியா?” என்று கேட்டுக்கொண்டே கோல் கம்பத்தை ஒட்டி நடந்தாள். யாரோ ஓங்கி உதைத்த பந்து அவள் காதை நோக்கிப் பறந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலியாக இருந்த கையை உயர்த்திப் பந்தை அமுக்கிப் பிடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “சாதம் அடுப்பு மேலயே இருக்கு” என்று பேச்சை முடித்தாள்.

மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“நீங்க யாருங்க?”

“இவ அம்மாங்க. பேக்கரில வேலை. சூடான தட்டு எந்தப் பக்கம் சரிஞ்சாலும் பிடிச்சாகணுமே, அந்தப் பழக்கம்தான்.”

“அடடா, இந்தக் காலேஜ் மாணவியா மட்டும் இருந்திருந்தீங்கன்னா…”

“மாணவிதாங்க. சாயங்கால வகுப்பு. வரலாறு, ரெண்டாம் வருஷம்.”

“ஐயோ, வேண்டாம் மிஸ்!” என்றாள் கேப்டன். மிஸ் அங்கேயே நின்று லீக் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். கல்லூரியில் பெயர் இருக்க வேண்டும் என்றிருந்ததே தவிர, வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டாள். “மைதானத்துல நான் உனக்குப் பொண்ணு இல்ல. கேப்டன்னுதான் கூப்பிடணும்.”

“சரிங்க கேப்டன்” என்றாள் அம்மா, மிகவும் பணிவாக.

அந்தப் பணிவு மறுநாள் முதல் பந்து வரும்வரைதான் நீடித்தது. “குண்டுமணி! உன் பின்னாடி ஒருத்தி வரா, பாருடி!”

குழந்தையில் கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. ஒட்டடைக்குச்சி போல வளர்ந்து நின்ற கேப்டனை அன்றிலிருந்து அணி மொத்தமும் குண்டுமணி என்றே கூப்பிட்டது.

அம்மாவுக்கு உதைக்கத்தான் வரவில்லை. உதைத்தால் பந்து பக்கவாட்டில் போய் வேலியில் விழும். அதனால் உதைக்காமல் எறிந்தாள். மாவு மூட்டை தூக்கிய தோள், பந்து பாதி மைதானம் தாண்டிப் போனது. வாயும் சும்மா இருக்கவில்லை. “நீல சட்டை, ஏன் அங்க நின்னு கனவு காணுற? இடது பக்கம் திறந்த வீடா கிடக்கு, போய் நில்லு!” என்று அவள் அதட்ட அதட்ட, எங்கே ஓடுவதென்று தெரியாத கூட்டத்துக்கு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

லீக் தொடங்குவதற்கு முந்தைய வாரம், போன வருடம் கோப்பை வாங்கிய அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். அவர்களிடம் சென்றமுறை கேப்டனின் அணி ஒன்பது கோல் வாங்கியிருந்தது. இந்த முறை அரை மணி நேரம் ஆகியும் ஒன்றுகூட விழவில்லை. பத்திரிகைக்காரன் நோட்டும் கையுமாகக் கோட்டோரம் நின்றிருந்தான்.

அப்போது எதிரணியின் கோல் அருகே கேப்டன், தடுக்க வந்த ஒருத்தியின் தோளில் மோதிப் பொத்தென்று விழுந்தாள். ஃபவுல் இல்லை, நடுவர் விசில் ஊதவில்லை. எழுந்து உட்கார்ந்தவளின் முகத்துக்கு நேரே ஒரு முகம் தெரிந்தது.

“எங்கடி அடி? முட்டியக் காட்டு!”

“அம்மா! நீ இங்க என்ன பண்ற?”

மைதானம் முழுக்க ஓடிவந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எதிரணிக் கேப்டன் நடு மைதானத்திலிருந்து நிதானமாகக் குறிபார்த்து உதைத்தாள். பந்து மாலை நடைக்குப் போகிறவரைப் போல ஆற அமர உருண்டு, ஆளில்லாத கோலுக்குள் நுழைந்தது.

இடைவேளை வந்தது. சொல்லாமல் இடத்தை விட்டு வந்தால் மைதானத்தை நான்கு சுற்று ஓட வேண்டும். அது கேப்டனே போட்ட விதி. நீலச் சட்டைக்காரிகூடப் போன வாரம் ஓடியிருந்தாள். எல்லோரும் கேப்டனையே பார்த்தார்கள்.

“நாலு சுத்து” என்றாள் கேப்டன்.

“நாலா?” என்றாள் அம்மா.

“நாலு.”

அம்மா கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டு ஓடினாள். எதிரணி வாயைப் பிளந்து பார்த்தது. மூன்றாவது சுற்றில் ஓட்டம் நடையாகிவிட்டது. கேப்டன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மிஸ் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “ராத்திரி வீட்ல உனக்குச் சோறு கிடைக்கும்னு நம்பிக்கை இருக்கா?”

பிற்பாதியில் கேப்டன் மறுபடி விழுந்தாள். இந்த முறை முட்டி நன்றாகவே தேய்ந்துவிட்டது. எல்லோரும் கோலைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒரு கையால் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எட்டுகிற அளவுக்குக் கழுத்தை நீட்டினாள்.

“குண்டுமணி! கால் மடங்குதா?”

“மடங்குது!”

“அப்ப எந்திரி! இங்க நாலு பேர் வராளுங்க!”

நால்வரும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி உதைத்த பந்தை அம்மா நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, அதே வேகத்தில் எறிந்தாள். பந்து கேப்டனின் காலடியில் வந்து விழுந்தது. நொண்டிக்கொண்டே நாலு எட்டு ஓடி, அவள் அதை வலைக்குள் தள்ளினாள். பிறகு எதிரணி ஒரு பெனால்ட்டியில் ஜெயித்துவிட்டது, இரண்டுக்கு ஒன்று. ஆனாலும் தோற்றவர்கள்தான் துள்ளிக் குதித்தார்கள்.

“கோல்கீப்பரைப் பத்தி ஒரு வரி?” என்று நோட்டை நீட்டினான் பத்திரிகைக்காரன்.

“வயசு நாப்பத்தொண்ணு. அனுபவம் ஒன்பது நாள்” என்றாள் கேப்டன். “நாலாவது இடம்னு மாத்தி எழுது. பிழையில்லாம.”

வீட்டில் அம்மா வரலாற்றுப் புத்தகத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். சோறு கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு, முட்டியில் கட்டோடு கேப்டன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே அம்மாவின் காலை அமுக்கத் தொடங்கினாள்.

“கோபமாம்மா?”

“என்னை ஓட வைக்கலன்னா எவ உன் பேச்சைக் கேப்பா? சரியாத்தான் செஞ்ச.” ஒரு பக்கத்தைப் புரட்டினாள் அம்மா. “ஆனா ரெண்டு சுத்தோட விட்டிருக்கலாம்.”

“விதி நாலு.”

“எந்தக் கழுதை போட்ட விதி அது?”

“நான்தான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலித்த காலோடு சிரித்ததில் இன்னும் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள். “சனிக்கிழமை நம்மளோட ஆடப்போறாளுங்களே, அவங்கள்ல பெனால்ட்டி அடிக்கிறது யாரு?”

“ஒரு உயரமான பொண்ணு. இடது கால்.”

“அடிக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பார்ப்பா?”

கேப்டன் யோசித்தாள். “தெரியலையேம்மா.”

“தெரிஞ்சுக்கிட்டு வா. கேப்டனாச்சே” என்று சொல்லி, அம்மா இன்னொரு காலையும் எடுத்து அவள் மடியில் போட்டாள். “இதையும் அமுக்கு.”