முகம் வெளிச்சத்தில்

நவம்பர் முதல் தேதி, மதியம் ஒன்றரை மணி. ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டி, சாமந்தித் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நின்றிருந்தேன். கல்லறைகளில் விளக்கேற்றும் நாள். போலந்தே சாலையில்தான் இருந்தது. பேருந்துக்கு மட்டும் விடுமுறை. என் கணவர் லெஷெக் பிப்ரவரியில் இறந்தார். அவர் விரும்பியபடி, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓல்ஷினியில், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். முதல் வருடமே அவர் கல்லறை மட்டும் இருட்டில் கிடக்கக் கூடாது. வேறு எண்ணமே எனக்கு இல்லை.

முக்கால் மணி நேரம் ஒருவரும் நிறுத்தவில்லை. பின் இருக்கை காலியாக இருந்த கார்கள்கூட வேகம் குறையாமல் போயின.

எழுபத்து நான்காம் வருடக் கோடையில் இப்படி வண்டி மறித்தே நாங்கள் கடற்கரை வரை போனோம். அப்போது அதற்கென்றே ஒரு சிறு புத்தகம் விற்றார்கள். ஏற்றிச் செல்பவருக்கு, போன தூரத்துக்கு ஏற்பக் கூப்பன் கிழித்துக் கொடுப்போம். அவர் அதை அனுப்பினால் குலுக்கலில் பரிசு விழலாம். முதல் நாள் நான் மூட்டையைக் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்து லெஷெக் சிரித்தார்.

"அதைக் கீழ வை, வாண்டா. கோஸ் மூட்டைன்னு நெனச்சுப் போயிட்டே இருக்கான். கை காலியா இருக்கணும். மூஞ்சி வெளிச்சத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

சாமந்தி என் கண் வரைக்கும் வளர்ந்திருந்தது. தொட்டியைக் கீழே வைத்து, கட்டைவிரலை உயர்த்தினேன். மூன்றாவதாக வந்த வண்டி நின்றது. குழாய் ரிப்பேர்க்காரரின் வேன். ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும், பெயர் யுரெக்.

"எங்க போகணும்மா?"

"ஓல்ஷினி."

"ஏறுங்க. மாமியார் வீட்டுக்குப் போறேன். லேட்டாப் போக ஒரு சாக்கு வேணும்னு பாத்துட்டே வந்தேன்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "இந்த வயசுல கட்டைவிரல் தூக்க யாரு சொல்லிக்குடுத்தா?"

"என் வீட்டுக்காரர். அவரைப் பாக்கத்தான் போறேன்."

அவர் ரேடியோவை அணைத்தார். அவர் திரும்பவேண்டிய கிளைச்சாலையைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் வந்துவிட்டோம் என்பது கல்லறைத் தோட்ட வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. கைப்பையில் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய கூப்பன் புத்தகத்தில் மிஞ்சியிருந்த கடைசிக் கூப்பனைக் கிழித்துக் கொடுத்தேன்.

"என்ன விழும் இதுல?"

"டிரான்சிஸ்டர் விழலாம். ஆனா அம்பது வருஷம் லேட்டு."

"மாமியார்கிட்ட காட்டறேன். அவங்களும் என்னை லேட்டுன்னுதான் சொல்வாங்க."

கூப்பனை மடிக்காமல், வெயில் மறைப்பில் இருந்த மகளின் படத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

லெஷெக்குக்கு நான்கு விளக்குகள் ஏற்றினேன். சாமந்தியை அவர் தலைமாட்டில் வைத்து, யுரெக்கைப் பற்றிச் சொன்னேன். நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது.

வெளியே வந்து, ஊர் திரும்புவதற்காகச் சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றேன். எதிரே, தாழ்ந்த சுவருக்கு மேல், ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிந்தன. அவருடைய நான்கும் அதில்தான் இருந்தன. என் கை காலி. முகத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வளைவில் ஒரு வண்டி திரும்பியது. கட்டைவிரலை உயர்த்தினேன்.