வெள்ளத்தின் மேல் போட்ட பழி

பழியைத் தூக்கி வெள்ளத்தின் மேல் போட்டுவிட்டார்கள். வெள்ளத்துக்கு வாயும் கிடையாது, வக்கீலும் கிடையாது, வசதியாகப் போயிற்று.

ஏரிக்கரைப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பது தெரிந்ததும், கரையிலேயே பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை கையை விரித்தது. சில வருடங்களுக்கு முன் வந்த பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துவந்த விஷமாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மண் ஆய்வாளரின் தங்கை மகன். பள்ளிக்கூடம் போகிற வயசு. சொல்லிக்கொடுத்த எழுத்து மறுநாள் நினைவில் நிற்பதில்லை.

ஆய்வாளர் படகில் போய், நீளமான குழாயை ஏரியின் அடிமண்ணில் இறக்கி எடுத்துவந்தார். ஆய்வக மேசையில் அதை நீளவாக்கில் பிளந்தார். அடியில் பழுப்புச் சேறு. அதன்மேல் கறுப்புச் சேறு. அதற்கும் மேலே, வெள்ளம் கொட்டிவிட்டுப் போன வெளிர்மணல், ஓட்டுச்சில்லும் சுள்ளியுமாக. மணலுக்கு மேல் மறுபடி கறுப்பு. சோதித்துப் பார்த்தால் கறுப்பு முழுக்க ஈயம். வெள்ளத்து மணலில் பேருக்குக்கூட இல்லை. வெள்ளத்துக்கு முன்பும் கொட்டியிருக்கிறார்கள், வடிந்த பிறகும் கொட்டியிருக்கிறார்கள்.

ஆய்வக இயக்குநர் அவருடைய அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'காரணம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை'ன்னு முடிச்சிடுங்கம்மா."

"உறுதியாத் தெரியுதே சார்."

"பாதிக்கப்பட்டது உங்க தங்கச்சி பையன். அது வெளியே வந்தா உங்க அறிக்கையை யாரு நம்புவா?"

"நம்ப வேணாம் சார். குழாயோட மறுபாதியை வேற ஆய்வகத்துக்கு அனுப்பிட்டேன். அவங்களுக்கு என் தங்கச்சியத் தெரியாது."

அங்கேயும் அதே முடிவுதான் வந்தது.

விசாரணை நாளில் தன் பாதியைத் தட்டோடு சுமந்துபோய் அதிகாரியின் முன்னால் வைத்தார். ஆலை வக்கீல் மூக்கைப் பொத்தினார்.

"சேத்தைக் கொண்டுவந்து வச்சா ஆச்சா மேடம்?"

"நாத்தமா இருக்கா? இதுலதான் எங்க பிள்ளைங்க குளிக்குது!" ஆய்வாளரின் குரல் கூடத்தின் கடைசி வரிசைவரை போனது. "வெள்ளம் கொண்டுவந்தது இந்த மணல். இதுல ஈயம் இல்ல. அடியில இருக்கற கறுப்பு அதுக்கு முன்னாடி படிஞ்சது. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே வெள்ளம் வந்துடுச்சா? நீங்களே சொல்லுங்க!"

கூடம் கொல்லென்று சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை. அதிகாரி எழுந்து வந்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

அந்த மாதமே உலைகளுக்குச் சீல் வைத்தார்கள். ஆலை வாசலில் கூடிய ஜனம் கைதட்டியது. தங்கை மட்டும் மகனை இடுப்போடு அணைத்தபடி நின்றாள்.

"ஏன்க்கா, இவன் உடம்புல சேர்ந்தது போயிடுமா?"

மருந்தில் கொஞ்சம் குறையும். எலும்பில் ஏறியது லேசில் இறங்காது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆய்வாளர் பூட்டிய கதவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கைதட்ட அவருக்கும் கை எழவில்லை.