ஆர்டித் கேட்ட மூலை

போர்வையைத் தையல் மெஷினின் சட்டத்திலிருந்து கழற்றும்போதுதான் பார்த்தேன். தைக்காமல் விடவேண்டிய மூலையையும் மெஷின் தைத்துத் தள்ளியிருந்தது. கம்ப்யூட்டரில் பூவேலையை ஏற்றிவிட்டால் அது ஓரம் முதல் ஓரம் வரை போய்க்கொண்டே இருக்கும். எங்கே நிற்கவேண்டும் என்று நான்தான் சொல்லியிருக்கவேண்டும். மறந்துவிட்டேன்.

யாருடைய போர்வையில் மறந்தேன் பாருங்கள்! ஆர்டித் லுட்கியுடையதில். எங்கள் சர்ச்சில் வியாழன்தோறும் கையால் போர்வை தைக்கும் கூட்டத்துக்கு அவள்தான் ராணி. நான் கார் ஷெட்டில் பன்னிரண்டு அடிச் சட்டத்தோடு இந்த மெஷினை இறக்கி, ஊரார் போர்வைகளைத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்த நாள்முதல், "ட்வைலா எங்க தைக்கிறா, வண்டியில்ல ஓட்டுறா" என்று சொல்லிச் சிரிப்பவள். கை நடுக்கம் வந்தபின், மக்காச்சோள அறுவடை நேரத்தில், அதே ஆர்டித் என் வாசலில் நின்றாள். பேரன் கல்யாணத்துக்காகத் துணித்துண்டுகளை இணைத்து மேல்துணியை எப்படியோ முடித்துவிட்டாள். பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்க முடியவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

"ஒரு மூலைய மட்டும் விட்டுடு. அத நான் தைச்சாத்தான் இது என்னோடதுன்னு சொல்லிக்க முடியும்" என்றாள்.

இப்போது போன் செய்ததும் வந்துவிட்டாள். மூலையை விரலால் தடவினாள்.

"வேணும்னே பண்ணியா?"

"ஐயோ, இல்ல ஆர்டித். சத்தியமா மறந்துட்டேன். நானே பிரிச்சுத் தந்துடறேன்."

"என் மூலைய நீ ஏன் பிரிக்கணும்? தையல் பிரிக்கிற கத்தியக் குடு."

உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். கை ஆடியது. ஆனாலும் நூல் மளமளவென்று அறுந்து வந்தது.

"தைக்கத்தான் இந்தக் கை ஆகல. பிரிக்க நல்லாவே ஆகுது!" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

மூலையைப் பிரித்து முடித்ததும் ஊசியில் நூல் கோத்து நீட்டினேன். ஊசியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். வாங்கவில்லை. குனிந்து, பக்கத்துக் கட்டத்தில் நான் தைத்த தையலில் கத்தியை நுழைத்தாள். பிறகு அதற்கடுத்த கட்டத்தில்.

கல்யாணம் சனிக்கிழமை. தடுக்க வாயெடுத்தவள், இனி இந்தப் போர்வையில் அவள் கையால் ஆவது இது ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன். என் வேலை நூல் நூலாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்து, பிரிக்க வசதியாகத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.