சுண்டு கரையேறிய கதை

“எல்லாரும் வந்துட்டாங்க, சுண்டு மட்டும் எங்கப்பா?”

அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி மகள் கேட்டாள். அவ்வளவு பெரிய பெண்ணைத் தோளில் சுமந்த அப்பா அந்தப் பூங்காவில் வேறு யாரும் இல்லை. கொஞ்சம் சேர்ந்தாற்போல் நடந்தால் அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன்னால் என்ன வேணும் கேள் என்றபோது பொம்மை கேட்கவில்லை, புதுச்சட்டை கேட்கவில்லை. மிதக்கும் ஊருக்குப் போகணும் என்றாள்.

மிதக்கும் ஊர் அவளுடைய கதைப் புத்தகங்களில் இருப்பது. ஆற்றின் மேல் படகுகளைக் கயிற்றால் பிணைத்து, விலங்குகள் குடியிருக்கிற ஊர். அதை அப்படியே மரத்திலும் சிமெண்டிலும் கட்டி வாசலில் டிக்கெட் கிழித்தார்கள். உள்ளே நுழைந்ததும் வேஷம் கட்டிய கேப்டன் ஆமை வந்து கைகுலுக்கியது. பொய் மட்டுமே பேசுகிற கொக்கு, “உன்னைப் பார்க்கத்தான் ராத்திரியெல்லாம் தூங்கலை” என்றது. அம்மாவின் கண் கொக்கின் கால்சட்டை மேல் இருந்தது.

“பாருங்களேன், மடிப்பு ரெண்டு கோடா விழுந்திருக்கு. பழைய மடிப்புமேல தேய்க்காம பக்கத்துல தேச்சிருக்கான், சோம்பேறி.”

அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை.

“வந்த இடத்துலயும் வேலையா? அங்க லிஃப்ட் ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்குது, நான் திரும்பியாவது பார்த்தேனா?” என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

“திரும்பிப் பார்க்காமலா இழுக்குதுன்னு தெரிஞ்சுது?”

மகள் மேலேயிருந்து சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் அவள் உதட்டைப் பார்த்தார்கள்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அம்மா பிரித்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான். சாயந்திர ஷிஃப்ட் முடிந்து வந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவாள். தடுப்புக்கு அந்தப்பக்கம் கணவர் மகளுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். ஆமைக்கு ஒரு குரல், கொக்குக்கு ஒரு குரல். நீர்நாய்க்குட்டி சுண்டுவுக்கு மட்டும் குரலை மாற்ற மாட்டார், தன் சொந்தக் குரலில் மெல்லப் பேசுவார். சுண்டுவுக்கும் நெஞ்சு பலவீனம். நாலு கை நீந்தினால் இளைக்கும். கடைசிப் புத்தகத்தில் புயல் வந்து கயிறு அறுந்து, ஊர் சிதறிப் போகப் பார்க்கிறது. சுண்டுதான் கயிற்றுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வெள்ளத்தில் குதிக்கிறான்.

அவர் அந்த இடத்தை வாசித்த நாளை அவள் மறக்கவில்லை. பகலில்தான் டாக்டர் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். செய்தால் இந்த ஆபத்து, செய்யாவிட்டால் அந்த ஆபத்து. வாரக்கணக்காக அவள் வேண்டாம் என்றே சொல்லி வந்தாள். இப்போது இருக்கிறாளே, பேசுகிறாளே, நாமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதா என்பது அவள் கட்சி. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் தடுப்பில் சாய்ந்து நின்று கேட்டாள். கதையில் விடிந்தது. சுண்டு ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, உடம்பை உதறிவிட்டு, “சாப்பிட என்ன இருக்கு?” என்றான். மகள் கைதட்டினாள். அன்றைக்குப் படுக்கும்போது அம்மா கணவரிடம், “சரி, பண்ணிடலாம்” என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு நீர்நாய்க்குட்டி பிழைத்ததால் சரி என்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

“அதோ, சுண்டு குளம்!” என்றாள் மகள், பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து.

கணவர் சட்டென்று நின்றார். “அங்க வெயிலா இருக்கு. முதல்ல ரயில்ல போயிட்டு வரலாமே?”

“குளத்துக்குத்தான். இறக்கி விடுப்பா.”

குளத்தங்கரையில் நீலத்தொப்பிப் பெண் ஒருத்தி தட்டு நிறைய வெள்ளைக் காகிதப் படகுகளோடு நின்றாள். “வாங்க வாங்க, ஆளுக்கு ஒண்ணு. சுண்டுவுக்காக ஒரு படகு விடுங்க.”

“சுண்டு எப்போ வருவான் அக்கா?”

“அவன் எங்கடா கண்ணு வருவான்? கடைசிப் புத்தகத்துலதான் செத்துப்போயிட்டானே. அதுக்குத்தானே இந்தப் படகெல்லாம்.”

நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய குரல். கொஞ்சம் பாட்டுப் போலக்கூட இருந்தது. அவளுக்குப் பின்னால் கல்லில் செதுக்கிய ஒரு நீர்நாய்க்குட்டி சுருண்டு படுத்திருந்தது. கீழே எழுதியிருந்ததை அம்மா வாசித்தாள்: கயிற்றைக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் வரவில்லை.

கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல ஆயிற்று. இன்னொரு தடவை வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ அக்கா, நீங்க புத்தகமே படிக்கலையா?”

“நானா? எத்தனை தடவை படிச்சு அழுதிருக்கேன் தெரியுமா?”

“தப்பாப் படிச்சிருக்கீங்க. எங்கப்பா சரியாப் படிச்சார். உட்காருங்க, நான் சொல்றேன்.”

கல்மேடையில் உட்கார்ந்து சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். படகு வாங்க நின்ற பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அம்மா கணவரைப் பார்த்தாள். மகளின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது?”

அவர் கண் கல்லெழுத்தின் மேல் போய்த் திரும்பியது.

“புத்தகத்துலயும் செத்துட்டான்னா போட்டிருக்கு?”

“ம்.”

“நான் கேட்கறேன்னு தெரிஞ்சு மாத்தினீங்களா? நான் சரின்னு சொல்லணும்னா?”

“இல்லை. சத்தியமா இல்லை” என்றார். “அந்த வரி வந்துது. அவ என் மடியில தலை வச்சிருந்தா. என்னால வாசிக்க முடியலை. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.”

“அப்போ உங்களுக்கும் பயமா?”

அவர் செருப்பின் வாரை மாட்டினார், கழற்றினார். இத்தனை நாளும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று சொன்ன மனிதர். அவர் ஒருவராவது பயப்படாமல் இருக்கிறாரே என்றுதான் அவள் ராத்திரியில் கண்ணை மூடியிருந்தாள். இப்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கல்லில் கிடந்த குட்டியின் முதுகு, யார் யாரோ தடவித் தடவி வழவழவென்று ஆகியிருந்தது.

“...கயிறு கைக்கு வந்துடுச்சு, சுண்டுவைக் காணோம். எல்லாரும் அழுதாங்க. அப்புறம் விடிஞ்சுது. அப்புறம்...” மகளுக்கு இளைத்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, நீ சொல்லு.”

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நீலத்தொப்பிப் பெண் நீலமாகிக்கொண்டிருந்த அந்த உதட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

“அப்புறம்,” என்றாள் அம்மா. இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், குளம் முழுக்கக் கேட்டது. “அப்புறம் ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்தான். உடம்பை உதறினான். சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் கைதட்டவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை, எதையோ எழுத்துக்கூட்டிப் படிப்பது போல.

“அப்புறம்?” என்று கேட்டாள்.

வீட்டில் கதை அதோடு முடிந்துவிடும். அவள் ஒருநாளும் அதற்குமேல் கேட்டதில்லை. அம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். காற்று எதிரே இருந்து வீசியது. முன்னால் வந்தவர்கள் விட்ட படகுகள் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, வெள்ளையாய், அவர்கள் நின்ற கரைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தன.