நீரூற்று இருந்த பக்கம்

அந்த வட்டாரப் புகைப்படக் காப்பகம் பிறந்ததற்குக் காரணம், செத்துப்போன ஒரு ஸ்டுடியோக்காரரின் ஒன்பதாயிரம் கண்ணாடி நெகட்டிவ் தகடுகளை எடைக்குக்கூட எவனும் வாங்காததுதான். நாற்பது வருடத்தில் அதுவே ஊருக்கு நீதிமன்றமாகிவிட்டது. தாத்தாவுக்கு மீசை இருந்ததா, எந்த வீட்டு வேலி தெருவுக்குள் நகர்ந்தது என்று எல்லா வழக்கும் அங்கேதான் வரும்.

அங்கே தகடுகளுக்குப் பட்டியல் போடும் வேலையில் ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்தான் பட்டியல்காரன். இடிந்துபோன பழைய நீரூற்றை அதே இடத்தில் கட்ட நகராட்சி ஆசைப்பட்டது. தெருவில் எந்தப் பக்கம் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. பட்டியல்காரன் ஒரு தகட்டைத் தேடிப்பிடித்து அச்சிட்டான்: இடப்பக்கம் நீரூற்று, முன்னால் ஐந்து ஆண்கள். நகராட்சியும் இடப்பக்கமே கட்டி முடித்தது. திறப்பு நாளில், காப்பகக் கூடத்தில் வைத்து, நகராட்சித் தலைவர் கையாலேயே அவனுக்குப் பணிநிரந்தர ஆணை தருவதாக ஏற்பாடு.

முந்தின நாள், கூடத்தில் பெரிதாக்கி மாட்டிய படத்தைப் பார்க்க அவன் அக்கா வந்தாள். தையல்காரி.

"இவங்களுக்குச் சட்டை தைச்சவன் யாருடா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"பையை வலது நெஞ்சுல வச்சிருக்கானே. ஒருத்தன் இடக்கையன்னு வச்சுக்கலாம். அஞ்சு பேருமா?"

அவன் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தகட்டின் மருந்து பூசிய பக்கத்தை மாற்றி வைத்து அச்சிட்டிருக்கிறான். படம் இடம் வலமாகிவிட்டது. அதை நம்பி கான்கிரீட்டும் எழுந்துவிட்டது.

காப்பக இயக்குநரிடம் ஓடினான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் அவர்.

"அக்காவுக்கு மட்டும்தான் சார்."

"அப்பாடா."

"அவ கடைக்கு ஒரு நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க சார்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா உன் ஆர்டர் போயிடும்."

"சொல்லலைன்னா, நாளைக்கு எவன் தாத்தா மீசையை நம்புவான் சார்?"

மறுநாள் படத்தின் கீழே அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: 'புறம் மாறி அச்சிடப்பட்டது. நீரூற்று இருந்தது எதிர்ப்பக்கம். பிழை என்னுடையது.'

நகராட்சித் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். உறுப்பினர்கள் கூரையை ஆராய்ந்தார்கள். பட்டியல்காரன் தன் செருப்பை ஆராய்ந்தான்.

"அப்போ எதிர்ப்பக்கமும் ஒண்ணு கட்டணும்," என்றார் தலைவர். சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. "அதுக்கும் ஒரு திறப்பு விழா."

ஆணையை எடுத்து அவன் கையில் வைத்தார். இயக்குநரிடம் மெல்லச் சொன்னார்: "தம்பியை விட்டுடாதீங்க. இன்னும் எத்தனை தகட்டை மாத்தி வச்சிருக்காரோ, அத்தனை வேலை நமக்கு இருக்கு."