கல்லுமலை ஸ்டோர் மறுபடி ஓடின சனிக்கிழமை

நூற்றி எண்பத்து மூன்று ரூபா நாற்பது சதம். அங்கமுத்துக் கங்காணிக்கு நான் கொடுக்க வேண்டியது அவ்வளவு. அப்பாவின் சாவுச் செலவு, என் பெண்சாதி பெரியாயிக்குப் பிரசவம் கெட்டபோது பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்க் கூலி, அவர் கடையில் வாங்கித் தின்ற அரிசி, மாவு, எல்லாம் சேர்ந்து ஏறினது.

கல்லுமலைத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, தேயிலை அரைக்கிற ஸ்டோரைப் பூட்டி இரண்டு வருஷமாகிவிட்டது. தொரை போனார், கணக்கப்பிள்ளை போனார். நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்திலேயே கிடந்தோம். நட்டப்படாதவர் கங்காணி ஒருத்தர்தான். வெலிமடையில் உருளைக்கிழங்குக் காணி குத்தகைக்கு எடுத்து, கடன்பட்டவர்களை விடியுமுன் லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். கூலி எங்கள் கைக்கு வராது, கடனுக்குப் போகும். அப்படிப் போயும் கடன் இறங்கவில்லை. கடையில் வாங்கின அரிசி அதைத் திரும்ப ஏற்றிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஹாலிஎலயிலிருந்து ஸஹாப்தீன் முதலாளி வந்து ஸ்டோரைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டத்தைத் துண்டாக வாங்கினவர்களிடமும் கீழே கிராமத்துச் சிங்களவர்களிடமும் தேயிலைக் கொழுந்து இருந்தது, அரைக்க இடமில்லை. அதை வாங்கி அரைப்பது அவர் யோசனை. லயத்து வாசலில் நின்று சொன்னார்:

"பதினாறு பேர் வேணும். வேல தெரியாட்டிப் பழக்குவோம். கூலி ஒங்க கையிலதான், வேற எவன் கையிலயும் இல்ல. ஆனா மாசக் கடைசிச் சனிக்கிழமைக்குள்ள அரைச்ச தேயில எறங்கணும். எறங்காட்டி மெஷினப் பழைய இரும்புக்கு வித்துட்டுப் போயிருவேன். எம் பொஞ்சாதி நகையெல்லாம் இதுல கெடக்கு."

முதல் ஆளாகக் கை தூக்கினேன். பெரியாயி என் முதுகில் கிள்ளினாள். வேண்டாம் என்று கிள்ளினாளா, சரி என்று கிள்ளினாளா, இன்றைக்கும் கேட்கவில்லை.

வேலை பழக்க வந்தவன் காமில், பதுளைக்காரன், என்னைவிட இருபது வயது இளையவன். துருவைச் சுரண்டினோம், இஞ்சினைக் கழற்றிப் பூட்டினோம். என்னை ரோலரில் நிறுத்தினான். மேலே சுற்றுகிற தண்டிலிருந்து பெல்ட் இறங்கி ரோலரை ஓட்டும். பக்கத்தில் ஒரு வெறுஞ்சக்கரம். கைப்பிடியை இழுத்தால் பெல்ட் அதற்கு மாறிவிடும், ரோலர் நின்றுவிடும்.

"யாராச்சும் மாட்டினா யோசிக்கக் கூடாது அண்ணே. இழுக்கணும்."

சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். நான் ரொட்டி தின்கிறபோது, வெற்றிலை போடுகிறபோது, "மாட்டிக்கிச்சு!" என்று கத்துவான். ஒரு தரம் ரொட்டியோடு நின்றுவிட்டேன்.

"ரொட்டி திரும்பச் சுடலாம் அண்ணே. கையச் சுட முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தாலே என் கை கைப்பிடிக்குப் போய்விடும்.

வெலிமடை லொறியில் ஆள் குறைந்தது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பொழுது சாய, கங்காணி இரண்டு தடியன்களோடு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். எப்போதும்போலக் கறுப்புக் கோட்டு.

"எங் காசத் தின்னுட்டு துலுக்கனுக்கு உழைக்கிறியாடா?"

"கூலி வாங்கித் தந்துர்றேன் கங்காணியாரே. சதம் பாக்கியில்லாம."

"எனக்குக் காசு வேணாம். நாளைக்கு லொறில நீ வேணும்."

முடியாது என்று நான் சொல்லி முடிக்கவில்லை. தடி என் தோளில் இறங்கியது. விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். ஏதோ ஒடிந்தது எனக்கே கேட்டது. பெரியாயி குறுக்கே வந்தாள். கங்காணி அவள் கொண்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்தார். அவள் அம்மிக் குழவியைத் தூக்கி ஒரு தடியனின் காலில் போட்டாள். அவன் அலறிய அலறலில் லயமே கூடிவிட்டது.

"அந்த ஸ்டோரு ஓடுதான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கங்காணி போனார்.

விலாவில் சேலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். வாடின கொழுந்து மேல்தட்டிலிருந்து இறங்கியது. இஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ரோலர் சுற்ற ஆரம்பித்ததும் பச்சை வாசம் எழுந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்த வாசம். சிலர் அழுதார்கள்.

கதவை உடைத்துக்கொண்டு கங்காணியும் அவர் ஆட்களுமாக ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முதலில் நின்ற காமிலின் மண்டையில் இரும்புக் கம்பி விழுந்தது. ரத்தம் கண்ணை மூட, அப்படியே உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஆட்கள் மண்வெட்டியும் சல்லடைச் சட்டமுமாகப் பாய்ந்தார்கள். பொன்னையாவுக்குப் பல் போனது. அவன் அடித்தவனுக்குத் தாடை போனது. என்னை ஒருத்தன் கைப்பிடிக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்த்து, ஒடிந்த விலாவிலேயே குத்தினான்.

கங்காணி யாரையும் பார்க்கவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நேரே பெல்ட்டுக்குப் போனார். பெல்ட் அறுந்தால் அன்றைக்கு ஓட்டமில்லை. முதலாளி இரும்புக்கு விற்றுவிடுவார். நாங்கள் லொறிக்குத் திரும்புவோம். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஓடுகிற பெல்ட்டில் கத்தியை வைத்தார். பெல்ட் கத்தியைப் பிடுங்கி எறிந்தது. அவர் தடுமாறிச் சாய, கோட்டுக் கை ரோலரின் பல்லுச்சக்கரத்தில் மாட்டியது. துணி போனது, துணியோடு விரல், பிறகு மணிக்கட்டு. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

சாகட்டும் என்றுதான் என் மனசு சொன்னது. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கை ஏற்கெனவே இழுத்துவிட்டது. பெல்ட் வெறுஞ்சக்கரத்துக்குத் தாவியது, ரோலர் நின்றது.

அடிதடியும் நின்றது. சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி அவரை எடுத்தோம். முழங்கைக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதலாளி தன் லொறியிலேயே அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

காமில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழுந்து கெட்டுப்போவுது, என்ன வேடிக்கை?" என்றான். ரத்தம் பட்ட கொழுந்தை அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, ஓட்டினோம். பொழுது சாயுமுன் தேயிலை இறங்கியது. முதலாளி மெஷினை இரும்புக்கு விற்கவில்லை.

பொலிஸ் கேட்டபோது, கங்காணி தானே வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம். வேறென்ன சொல்வார்?

தீபாவளிக்கு முன்னால் முழுக் காசும் சேர்ந்தது. பெரியாயியையும் கூட்டிக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனேன். வீட்டோடு ஒட்டின கடை வாசலில் சாமான் வாங்க நாலு பேர் நின்றார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த கங்காணியின் கோட்டில் வலது கை காலியாகத் தொங்கியது. நான் காசை நீட்டினேன். அவருடைய இடது கை கொஞ்சம் அசைந்து, மடியிலேயே நின்றுவிட்டது. இடது கையால் காசு வாங்குகிற ஆள் அவர் இல்லை. அவர் பெண்சாதி அவசரமாகத் தட்டு எடுத்துவந்தாள்.

"தட்டுல வாங்க நான் என்ன கோயில் உண்டியலா? உள்ள போடி." என்னைப் பார்க்காமல் சொன்னார்: "குடுத்த கை போயிருச்சு. எந்தக் கையால வாங்குவேன்? கொண்டு போடா."

பெரியாயிதான் பேசினாள்.

"நாளைக்கு ஆள் அனுப்ப மாட்டீங்கன்னு என்ன நிச்சயம் கங்காணியாரே? கடன் தீந்துச்சுன்னு இந்த நாலு பேரு காதுலயும் விழச் சொல்லுங்க."

கங்காணி கடை வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"இவன் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல!"

இரண்டு தரம் சொன்னார். இரண்டாவது தரம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.